தசப்புள்ளிக்கு வலது பக்கம்

லிந்துலைக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து மூச்சு வாங்க இன்னும் கொஞ்சம் ஏறினால் ஒரு தேயிலைத் தோட்டம் வரும். அதன் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் தோட்டத்தை நடத்தும் துரைக்கு மனம் நோகும். துரைக்கு நொந்தால் அந்த நோவு படிப்படியாக இறங்கி வந்து கடைசியில் கொழுந்து நிறுவையில்தான் கை வைக்கும். அந்தத் தோட்டத்து மேட்டு லயத்தின் வரிசை வீடொன்றில் பிறந்து, ஹட்டனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்தவள் லோஜினி. தாதி உடுப்புப் போட்ட முதல் ஆள் அந்த லயத்தில் அவள்தான். அதனால் யாரையாவது நாய் கடித்தாலும் அவளிடம் வருவார்கள், நாயை யாராவது கடித்தாலும் அவளிடம்தான் வருவார்கள்.

நல்ல பெண். நோயாளிகள் மேல் எரிந்து விழ மாட்டாள். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று வட்டவளை வரைக்கும் பேச்சு. ஒரே ஒரு கோளாறு. தசப்புள்ளிக்கு வலது பக்கம் இருக்கிற எதையும் அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள். காய்ச்சல் நூற்றிரண்டு என்று டொக்டர் சொன்னால், "நூற்றியொன்று தசம் எட்டு, டொக்டர்" என்று பக்கத்தில் நின்றபடி திருத்துவாள். டொக்டர் முறைப்பார். அவள் தசம் எட்டைக் கீழே போடாமல் நிற்பாள்.

இந்தக் கோளாறு ஆஸ்பத்திரியில் தொற்றியதல்ல, கொழுந்து மடுவத்தில் தொற்றியது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில்தான் மடுவம்; தகரக் கூரை, நாலு தூண், நடுவில் தொங்கும் தராசு. அம்மா பேச்சியம்மா கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நிற்பாள், லோஜினி புத்தகப் பையோடு அவளை ஒட்டிக்கொண்டு நிற்பாள். முன்பெல்லாம் முள் தராசு. முள் எங்கே நின்றது என்பது கணக்குப்பிள்ளைக்கும் கடவுளுக்கும்தான் தெரியும், கடவுள் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. பிறகு மின்சாரத் தராசு வந்தது. சிவப்பு எழுத்தில், தசப்புள்ளியோடு, நிறை பளிச்சென்று எரிந்தது. இனி ஏமாற்ற முடியாது என்று பெண்கள் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துச் சூடம் கொளுத்தினார்கள். சூடம் அணைவதற்குள் பேச்சியம்மாவின் சாக்கு ஏறியது. தராசு பதினேழு தசம் எட்டு என்று காட்டியது. கணக்குப்பிள்ளை "பதினேழு" என்று வாசித்தார்.

"ஐயா, பக்கத்துல எட்டும் எரியுதுங்களே," என்றாள் பேச்சியம்மா.

"அது சும்மா எரியுது பேச்சியம்மா. தசத்துக்கு அங்கிட்டு இருக்கிறது தோட்டத்துக்கு."

அப்புறம் அந்தப் பதினேழிலும் ஈரத்துக்கென்று ஒன்று, சாக்குக்கென்று ஒன்று போனது. பதினெட்டு கிலோ இல்லாவிட்டால் முழுப்பேர் கிடையாது. அரைப்பேர்தான், அதாவது அந்த ஆள் அன்றைக்கு அரை நாள்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு முழு ஆளாகப் போய், மழையில் முழு ஆளாக நனைந்து, அட்டைகளுக்கு முழு ஆளாக இரத்தம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அரை ஆளாக லயத்துக்குத் திரும்புகிற தாயைப் பார்த்தே லோஜினி வளர்ந்தாள்.

பள்ளிக்கூடத்தில் மட்டந்தட்டல் என்று ஒரு பாடம் உண்டு. அரைக்குக் குறைந்தால் கீழே இறக்கு, அரையோ அதற்கு மேலோ இருந்தால் மேலே ஏற்று. லோஜினி அதைப் படித்தாள், எழுதினாள், சரியும் வாங்கினாள். நம்பத்தான் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னென்னவோ சொல்லித் தருகிறார்கள். எல்லோரும் சமம் என்றுகூடத்தான் குடியியல் பாடத்தில் சொல்லித் தந்தார்கள்.

வெளிநாடு போகும் எண்ணம் வந்தது அம்மாவின் வலது தோளால். அந்தத் தோள் ஒரு மார்கழியில் பிடித்துக்கொண்டது, அப்புறம் விடவே இல்லை. தலையில் கயிறு மாட்டிக் கூடையைச் சுமக்கிறவள், தலை சீவக் கையைத் தூக்க முடியாமல் மகளைக் கூப்பிட்டாள். சீவிக்கொண்டிருக்கும்போது லோஜினி சொன்னாள், "நான் பரீட்சை எழுதி வெளிநாடு போறேன்மா. நான் பிளேன் ஏறுற அன்னைக்கு நீங்க கூடைய எறக்கி வச்சிடணும்." பேச்சியம்மா மறுநாளே, லயத்தில் பக்கத்துக் காம்பரா அறையில் குடியிருப்பவளிடம், "இந்தக் கூடை நல்ல கூடைடி, ஒனக்கு வேணுமா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். மகளுக்கு அது தெரிய வந்தபோது, இனி தோற்கவே கூடாது என்று தோன்றியது.

அது ஒரு தூர தேசத்துத் தாதியர் உரிமப் பரீட்சை. கொழும்பில், குளிரூட்டிய கண்ணாடிக் கட்டடத்தில், கணினி முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். மொத்தம் மூன்று தடவைதான் இடம் கொடுப்பார்கள். எல்லாப் பாடத்திலும் தேறினாலும் மருந்தளவுக் கணிப்பில் தனியாகத் தேறாவிட்டால் எல்லாம் வீண். அந்தப் பகுதியில் நாலு விடையைக் கொடுத்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் வேலை இல்லை. கேள்வி, அதன் கீழே ஒரு வெற்றுப் பெட்டி. டொக்டர் இவ்வளவு மில்லிகிராம் எழுதியிருக்கிறார், குப்பியில் ஒரு மில்லிலீட்டருக்கு இவ்வளவு இருக்கிறது, எத்தனை மில்லிலீட்டர் கொடுப்பாய்? எண்ணை மட்டும் அடி. வேறொன்றும் அடிக்காதே.

இதற்கென்று ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் வகுப்பு நடந்தது. நடத்தியவர் வினோஜன் சேர். அவர் தாதியல்ல, டொக்டருமல்ல, அந்தப் பரீட்சையை எழுதியவருமல்ல. அதனாலேயே அவருக்கு அதைப் பற்றிச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, பூச்சியத்தைப் பற்றி அரை நாள் பேசுவார்.

"தசப்புள்ளிக்கு முன்னால பூச்சியம் போடாம விட்டா என்னாகும்? தசம் அஞ்சு, வெறும் அஞ்சாயிடும்! நோயாளி காலி! பின்னால தேவையில்லாம பூச்சியம் போட்டா என்னாகும்? அஞ்சு தசம் பூச்சியம், அம்பதாயிடும்! நோயாளி காலி! பெட்டிக்குள்ள மில்லிலீட்டர்னு எழுதினா என்னாகும்?"

"நோயாளி காலி!" என்று வகுப்பே கத்தும்.

"இல்ல. நீங்க காலி!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆகும். ஒரு வகுப்பில் குறைந்தது பத்து நோயாளிகளையாவது சேர் காலி பண்ணாமல் அனுப்ப மாட்டார். கடைசியில், "சொன்ன இடத்துக்கு மட்டந்தட்டணும், மறந்துடாதீங்க" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டு ஒலிவாங்கியை அணைப்பார். யாருடைய தாளையும் அவர் வாங்கிப் பார்த்ததில்லை.

லோஜினி விண்ணப்பித்த செய்தி தோட்டத்தில் பரவியதும் தலைவர் பொன்னையா சந்தியில் ஒரு பதாகை கட்டிவிட்டார். பொன்னையா தொழிற்சங்கத் தலைவர். யாராவது பாஸ் பண்ணினால் வாழ்த்துவது மற்றச் சங்கக்காரர்களின் பழக்கம், அவர்களை முந்துவதற்காக இவர் விண்ணப்பத்துக்கே வாழ்த்திவிட்டார். 'உலகம் வெல்லப் புறப்பட்ட எங்கள் வீட்டுப் பிள்ளை' என்று எழுதி, ஆளுயரத்துக்குத் தன் படத்தைப் போட்டிருந்தார். மூலையில் முத்திரை அளவில் லோஜினி இருந்தாள், அதிலும் பாதி முகத்தை ஆணி மறைத்திருந்தது.

முதல் தடவை பரீட்சைக்குப் போனாள். இருநூற்றைம்பது மில்லிகிராம் கொடுக்க வேண்டும், ஒரு மில்லிலீட்டரில் நூற்றைம்பது இருக்கிறது. வகுத்தாள். ஒன்று தசம் ஆறு, ஆறு, ஆறு, ஆறு என்று முடிவில்லாமல் வந்தது. தசத்துக்குப் பின்னால் ஓர் இடத்துக்கு மட்டந்தட்டு என்று கேள்வியிலேயே இருந்தது. லோஜினி அதை வாசித்தாள். நோயாளி என்ற ஒரு மனிதர் அவள் கண் முன்னால் வந்தார், சாக்கோடு வரிசையில் நிற்கிறவர்போல. அவருக்குச் சேர வேண்டியதை வெட்ட நான் யார் என்று நினைத்தாள். பெட்டி நிரம்பி, இனி இடமில்லை என்று கணினி மறுக்கும் வரைக்கும் ஆறுகளை அடித்தாள். எல்லாக் கேள்விக்கும் அப்படியே. நோயாளிகளின் சொத்தில் ஒரு துளியையும் தொடாத நிம்மதியோடு எழுந்து வந்தாள்.

மருந்தளவுக் கணிப்பில் தேறவில்லை என்று முடிவு வந்தது. மற்ற எல்லாவற்றிலும் தேறியிருந்தாள்.

வினோஜன் சேர் அவளைத் தனியாக உட்கார வைத்தார். அவருடைய வகுப்பில் யாராவது தோற்றால் மட்டும்தான் அவர் ஒலிவாங்கி இல்லாமல் பேசுவார்.

"சேலைன் கேள்விக்கு நிமிஷத்துக்கு முப்பத்தொண்ணு தசம் ரெண்டு அஞ்சு சொட்டுன்னு அடிச்சிருக்கீங்களாமே. கால் சொட்டை எப்படித் தங்கச்சி விழ வைப்பீங்க?"

"நாலு நிமிஷத்துக்கு ஒருக்கா ஒரு முழுச் சொட்டு கூட விழும் சேர். அந்தச் சொட்டு எங்க போகும்?"

அந்த ஒரு சொட்டு உண்மையில் எங்கே போகிறது என்று சேர் வாழ்க்கையில் யோசித்ததில்லை. "அதெல்லாம் கேக்கக் கூடாது. மட்டந்தட்டுன்னா தட்டணும். தட்டாட்டி பாஸ் இல்ல. ஒங்க அம்மாவை நெனச்சுக்குங்க," என்றார்.

அம்மாவை நினைத்துக்கொள்ளச் சொன்னதுதான் அவர் செய்த பிழை. இரண்டாம் தடவை லோஜினி பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். நியாயம் பார்க்க வேண்டாம், அம்மாவின் தோள் முக்கியம், தட்டச் சொன்னால் தட்டிவிட வேண்டியதுதான் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். ஆனால் தட்டுவது என்றால் அவளுடைய கைக்குத் தெரிந்தது ஒரே ஒரு தட்டுத்தான். பதினேழு தசம் எட்டு என்றால் பதினேழு. பாடப் புத்தகத்தில் படித்தது தலையில் எங்கேயோ ஒரு மூலையில் கிடந்தது. மடுவத்தில் பார்த்தது விரலில் இருந்தது. ஒன்று தசம் ஆறு ஆறு ஆறு வந்தது, ஒன்று தசம் ஆறு என்று அடித்தாள். இரண்டு தசம் மூன்று எட்டு வந்தது, இரண்டு தசம் மூன்று என்று அடித்தாள். ஒவ்வொரு நோயாளியிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சம் பிடுங்கினாள். வெளியே வந்தபோது, கணக்குப்பிள்ளையின் நாற்காலியில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்ததுபோல அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுபடியும் தேறவில்லை. பொன்னையா பதாகையைக் கழற்றவில்லை. அவர் சிக்கனமானவர், 'புறப்பட்ட' என்பதற்கு மேல் ஒரு தாளை ஒட்டி 'மீண்டும் புறப்படும்' என்று எழுதிவிட்டார். சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒவ்வொரு காலையும் லோஜினி அந்தத் தாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் போனால் கூடை அம்மாவின் தலையிலேயே இருக்கும்.

அவளைக் காப்பாற்றியது வினோஜன் சேர் அல்ல, அவளோடு ஒரே வார்டில் வேலை செய்த அஸீலா. அஸீலாவின் வாப்பாவுக்கு டவுனில் பலசரக்குக் கடை. சின்ன வயதிலிருந்தே நிறுத்துக் கட்டிக் கொடுத்துப் பழகியவள். ஒரு மத்தியானம், சோற்றுப் பொதியைப் பிரித்தபடி லோஜினியின் பயிற்சித் தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஒன்னு தசம் ஆறா? ஏன் புள்ள ஆறு?"

"மட்டந்தட்டச் சொன்னாங்க. தட்டிட்டேன்."

"இது தட்டுறதில்ல, வெட்டுறது." அஸீலா கையைக் கழுவிவிட்டு ஒரு புதுச் சிரிஞ்சியைப் பிரித்து எடுத்து வந்தாள். "இந்தா, இது ஆறு கோடு. இது ஏழு. ஒன்ட மருந்து எங்க நிக்கிது?"

"ரெண்டுக்கும் நடுவுல. ஏழுக்குக் கிட்ட."

"நீ நடுறோட்ல மழைல மாட்டிக்கிட்டா எந்த வீட்டுக்கு ஓடுவ? கிட்ட இருக்கிற வீட்டுக்குத்தானே?"

லோஜினி கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப ஏழுன்னா கூடிருதே. கூடுறது யார்ட்ட இருந்து வருது?"

"யார்ட்ட இருந்தும் வரல்ல. கணக்கு அப்பிடித்தான். ஒருக்கா கொஞ்சம் கொறையும், ஒருக்கா கொஞ்சம் கூடும். எல்லாருக்கும் ஒரே மாதிரி."

"கூடும்னா... நெசமாவே கூடுமா?"

"நீ ஓ எல் படிக்கல்லியா புள்ள?"

ஓ எல் என்கிற பதினோராம் வகுப்புப் பரீட்சை வரைக்கும் படித்தவள்தான். ஆனால் கையில் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு, இது உனக்குக் கூடும் என்று ஓர் ஆள் அவளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. லோஜினிக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிஞ்சியைப் பார்த்து அழுகிற தாதியை அஸீலாவும் அன்றைக்குத்தான் பார்த்தாள். சோறு ஆறிப்போகும் வரைக்கும் இரண்டு பேரும் மேலே ஏற்றுவதைப் பழகினார்கள். நடுவில் அஸீலா ஒரு விதிவிலக்கையும் சொன்னாள். சில ஆஸ்பத்திரிகளில் கைக்குழந்தைகளின் மருந்தை மட்டும் மேலே ஏற்ற மாட்டார்கள், எப்போதும் வெட்டத்தான் செய்வார்கள். அவ்வளவு சின்ன உடம்புக்குத் துளி கூடினாலும் ஆபத்து. லோஜினி அதை ஒத்துக்கொண்டாள். ஒருவரின் நன்மைக்காக வெட்டுவது என்றும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அப்படிப் பார்த்தால் இருநூறு வருஷமாகத் தோட்டம் தங்களைக் கைக்குழந்தைகளாகவே நினைத்து வளர்த்திருக்கிறது என்றும் அவளுக்குத் தோன்றியது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுக்கு ஓட்டமாகப் போய் அம்மாவிடம் சொன்னாள். பேச்சியம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"பதினேழு தசம் எட்டுன்னா எவ்வளவு தெரியுமாம்மா? பதினெட்டு!"

"யாரு சொன்னது?"

"கணக்கு சொல்லுது. ஒலகம் பூரா அப்படித்தான்."

"ஒலகம் பூராவா?" பேச்சியம்மா ரொட்டியைக் கல்லில் போட மறந்து சிரித்தாள். மகள் எதையோ கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. தசம் எட்டுக்களும் தசம் ஏழுகளும் இத்தனை வருஷத்தில் எத்தனை போயிருக்கும் என்று அவள் யோசிக்கத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது.

யோசித்தவள் சும்மா இருக்கவில்லை. மறுநாள் மடுவத்தில் தராசு பதினாறு தசம் ஒன்பது காட்டியது. கணக்குப்பிள்ளை "பதினாறு" என்றார். பேச்சியம்மா சாக்கைக் கொக்கியிலிருந்து எடுக்கவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"பதினேழுங்கய்யா. ஒம்போது இருந்தா மேல போகணுமாம். எங்க மக படிச்சிருக்கு, ஒலகம் பூரா அப்படித்தானாம்."

வரிசையில் நின்ற பெண்களுக்கு இது பிடித்துப்போனது. "மேல போடுங்கய்யா, மேல போடுங்க!" என்று கூட்டமாகச் சத்தம் போட்டார்கள். தராசுக்குச் சூடம் கொளுத்திய நாளுக்குப் பிறகு மடுவம் அவ்வளவு கலகலப்பாக இருந்ததில்லை. கணக்குப்பிள்ளை பயந்துபோய்க் கண்டாக்கைக் கூப்பிட்டார். மலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் அவர். வந்தார், விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார், தராசைத் தட்டிப் பார்த்தார். இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம் தசப்புள்ளிதான் என்று சரியாகவே கண்டுபிடித்தார். அடுத்த வாரம் தசம் காட்டாத தராசு வந்துவிட்டது. பேச்சியம்மாவுக்குச் சத்தம் போட்ட அன்றைக்கே ஈரத்துக்கென்று இரண்டு கிலோ போனது, வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதும்.

லோஜினி ஆத்திரத்தில் தோட்டத்து ஒப்பீசுக்கே போகப் புறப்பட்டாள். பேச்சியம்மா தடுத்தாள். "நீ போய்ப் பரீட்சைய எழுது. இங்க கணக்குப் பார்க்க நாங்க இருக்கோம்," என்றாள். அவள் குரலில் இருந்த பெருமையை லோஜினி அதற்கு முன்னால் கேட்டதில்லை. பேச்சியம்மா மடுவத்தில் தோற்றுத்தான் வந்திருந்தாள். ஆனால் எவ்வளவு தோற்றாள் என்பது அவளுக்கு இப்போது தசமளவுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் தடவை. கண்ணாடிக் கட்டடம், குளிர், வெற்றுப் பெட்டி. ஒன்று தசம் ஆறு ஆறு ஆறு வந்தது. லோஜினி 1.7 என்று அடித்தாள். நோயாளிக்கு ஒரு பொட்டு அதிகமாகக் கொடுத்துவிட்டு, யாரும் தன்னைப் பிடிக்க வரவில்லை என்று சுற்றிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் பழகிவிட்டது. பூச்சியம் போட வேண்டிய இடத்தில் போட்டாள், போடக்கூடாத இடத்தில் போடவில்லை, பெட்டிக்குள் எண்ணைத் தவிர வேறெதையும் விடவில்லை. மேலே ஏறுகிற ஒவ்வொரு விடைக்கும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கீழே இறங்க வேண்டியதும் வந்தது. முப்பத்தொன்று தசம் இரண்டு ஐந்து சொட்டு. 31 என்று அடித்துவிட்டு, அந்தக் கால் சொட்டுக்காக ஒரு கணம் கண்ணை மூடினாள். இந்த முறை அது பிடுங்கல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அடுத்த கேள்வியில் யாருக்கோ கூடத்தான் போகிறது.

தேறிவிட்டாள். மருந்தளவுக் கணிப்பில் ஒரு பிழையும் இல்லை. வினோஜன் சேர் தன் வகுப்பு மாடியின் சுவரில் அவளுடைய படத்தை மாட்டி, 'எமது வழிகாட்டலில்' என்று எழுதினார். பொன்னையா புதுப் பதாகையே கட்டினார். இந்த முறை லோஜினியின் படம் கொஞ்சம் பெரிது, பொன்னையாவின் படமும் அதற்கேற்ற விகிதத்தில் வளர்ந்திருந்தது. பேச்சியம்மா கூடையைக் கழுவி வெயிலில் காய வைத்தாள். பக்கத்துக் காம்பராக்காரி வந்து கயிற்றின் நீளத்தைத் தன் தலைக்குப் பார்த்துக்கொண்டு போனாள்.

கண்டியில் ஆள் அனுப்புகிற முகவர் நிலையம். லோஜினி அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். பேச்சியம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, வாசலோர நாற்காலியில், எழுந்திருக்கச் சொல்வார்களோ என்ற யோசனையோடு நுனியில் உட்கார்ந்தாள். உள்ளே கண்ணாடி அறையில் இருந்த உத்தியோகத்தர் இளைஞர், மரியாதையான ஆள். பரீட்சை முடிவைப் பார்த்து மெச்சினார். இவ்வளவு சுத்தமாக ஒருவரும் எழுதியதில்லை என்றார். பிறகு ஆஸ்பத்திரி கொடுத்த சேவைச் சான்றிதழைப் புரட்டினார்.

"அஞ்சு வருஷ அனுபவம் கேக்கிறாங்க மிஸ். ஒங்களுக்கு நாலு இருக்கு."

"நாலு வருஷமும் எட்டு மாசமும் சேர்."

"பூர்த்தியான வருஷம்தான் கணக்கு. அப்ப நாலு."

லோஜினி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எட்டு மாசம்னா அரைக்கு மேல சேர். அரைக்கு மேல இருந்தா மேல போகணும். அதைச் சரியா எழுதினதாலதான் பாஸ் பண்ண வச்சாங்க. அந்த நாட்டுக்காரங்களே வச்ச பரீட்சை."

உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. கேலியும் செய்யவில்லை. தெரியாத பிள்ளைக்கு விளக்குவதுபோலத் தன்மையாகவே சொன்னார்.

"அது மருந்துக்கு மிஸ். இது ஆளுக்கு."

லோஜினி சான்றிதழைத் தன் பக்கம் இழுத்து எடுத்துக்கொண்டாள். மருந்தை நியாயமாக அளக்கத் தெரிந்தவளைத்தான் அவர்கள் கேட்டார்கள். அவளை அப்படி அளப்பதாக யாரும் சொல்லவில்லையே. உத்தியோகத்தர் இன்னும் நாலு மாசம் வேலை செய்துவிட்டு வரச் சொன்னார். இடம் அப்போதும் இருந்தால் அனுப்பலாம் என்றார். அவள் எழுந்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ் கம்பளையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும் வரைக்கும் பேச்சியம்மா சீட்டின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். மகளுடைய முகத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வலது கை மடியில் கிடந்தது. கடைசியில் பயந்து பயந்து கேட்டாள்.

"என்னடி சொன்னாங்க? ஏலாதுன்னுட்டாங்களா?"

"இல்லம்மா. பாஸ்தான். கொஞ்சத்த வெட்டிட்டாங்க."

"எவ்வளவு?"

"எட்டு மாசம் வேலை செஞ்சதைக் கணக்குல சேக்கல. இன்னும் நாலு மாசம் நீங்க மலைக்குப் போகணும்மா."

காலையிலிருந்து நுனியிலேயே உட்கார்ந்திருந்த பேச்சியம்மா அப்போதுதான் சீட்டில் நன்றாகச் சாய்ந்தாள். முகம் தெளிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள்.